ஒரு விகிதம் தெரிந்தால் மற்ற விகிதங்கள்: பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள்

எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில் கிழமைக்கு மூன்று பின்னேரம் பதினோராம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்கிறேன். திரிகோணகணிதம் தொடங்கினால் ஒவ்வொரு வருடமும் அதே சந்தேகங்கள்தான் வரும். வகுப்பில் கேட்கக் கூச்சப்பட்டு, சைக்கிளை உருட்டிக்கொண்டு படலைவரை வந்து கேட்பவர்களும் உண்டு. அந்தக் கேள்விகளைக் கேட்டது கேட்டபடியே எழுதி, கீழே விளக்கம் தந்திருக்கிறேன். விகிதம் என்று நான் சொல்வது செங்கோண முக்கோணியின் ஒரு பக்கத்தை இன்னொரு பக்கத்தால் வகுத்தால் வரும் சைன், கொஸ், டான் போன்றவற்றை. கோணத்தைத் தீற்றா என்று எழுதுகிறேன். வேறாகச் சொல்லாத இடமெல்லாம் அது கூர்ங்கோணம், அதாவது 0°க்கும் 90°க்கும் இடைப்பட்டது.

1. ஒரு விகிதம் மட்டும் தந்துபோட்டு மற்றதெல்லாம் காண் எண்டால் எப்பிடி ரீச்சர்? ஒரு பக்கத்தின்ர நீளமும் தரேல்லையே?

நீளம் தேவையில்லை. செங்கோண முக்கோணி ஒன்றில் ஒரு கூர்ங்கோணத்தின் ஒரு விகிதம் தெரிந்தால் அந்த முக்கோணியின் வடிவம் முடிவாகிவிடும். பெரிதாகவோ சிறிதாகவோ கீறலாம், வடிவம் மாறாது. விகிதங்கள் எல்லாம் வடிவத்தோடு ஒட்டியவை. அதனால் ஒன்று கிடைத்தால் மற்றவையும் கிடைத்த மாதிரித்தான்.

நிலையத்துக்கு முன்னால் ஒரு பனை நிற்கிறது. ஒருநாள் பின்னேரம் 150 சென்ரிமீற்றர் உயரமான ஒரு பிள்ளையை வெயிலில் நிறுத்தி நிழலை அளந்தோம். 200 சென்ரிமீற்றர் வந்தது. அதே நேரம் பனையின் நிழல் 16 மீற்றர். மண்ணில் குத்திய 3 சென்ரிமீற்றர் ஈர்க்குக்கு நிழல் 4 சென்ரிமீற்றர். வெயில் நிலத்தோடு அமைக்கும் கோணம் மூன்றுக்கும் ஒன்றுதான். ஆகவே உயரத்தை நிழலால் வகுத்தால் எல்லாவற்றுக்கும் 3/4 வரவேண்டும். பனையில் ஏறாமலே அதன் உயரம் 12 மீற்றர் என்று பிள்ளைகள் சொல்லிவிட்டார்கள். அந்த 3/4தான் டான் தீற்றா. பிறகு பிள்ளையின் உச்சந்தலையிலிருந்து நிழலின் நுனிவரை நூல் பிடித்தோம், 250 சென்ரிமீற்றர். ஈர்க்குக்கு அது 5 சென்ரிமீற்றர், பனைக்குப் பிடித்திருந்தால் 20 மீற்றர். உயரத்தை நூலால் வகுத்தால் மூன்றிலும் 3/5. அதுதான் சைன். டான் தெரிந்ததுமே சைனும் முடிவாகிவிட்டது, பார்த்தீர்களா?

2. சைன் தீற்றா 3/5 எண்டால் எதிர்ப்பக்கம் 3 சென்ரிமீற்றர், செம்பக்கம் 5 சென்ரிமீற்றரோ?

செங்கோணத்துக்கு எதிரே இருப்பது செம்பக்கம், தீற்றாவுக்கு எதிரே இருப்பது எதிர்ப்பக்கம். நீங்கள் சொன்ன மாதிரி இருக்கலாம், இருக்கவேண்டும் என்று இல்லை. 6உம் 10உம் ஆகலாம், பனையைப் போல 12உம் 20உம் ஆகலாம். பொதுவாகச் சொன்னால் எதிர்ப்பக்கம் 3க, செம்பக்கம் 5க. இந்த 'க' எந்த நேர் எண்ணாகவும் இருக்கலாம். விகிதம் எடுக்கும்போது மேலும் கீழும் 'க' வெட்டுப்பட்டுப் போகும் என்பதால், படம் கீறும்போது அதை 1 என்று எடுத்து 3, 5 என்று எழுதிக்கொள்கிறோம்.

ஆனால் கேள்வியில் ஒரு பக்கத்தின் உண்மையான நீளமும் தந்திருந்தால் 'க'வை மறக்கக்கூடாது. சைன் தீற்றா 3/5, செம்பக்கம் 35 சென்ரிமீற்றர் என்றால் 5க = 35, ஆகவே க = 7, எதிர்ப்பக்கம் 21 சென்ரிமீற்றர். இங்கே 3 சென்ரிமீற்றர் என்று எழுதிப் புள்ளியை விட்டவர்கள் நிறையப் பேர்.

3. எது எதிர், எது அயல் எண்டே குழம்புது. படத்தைத் திருப்பிப் போட்டால் ஒண்டும் விளங்குதில்லை.

முதலில் செங்கோணத்தைப் பாருங்கள். அதற்கு நேர் எதிரே இருப்பது செம்பக்கம், மூன்றிலும் நீளமானது. அது எந்தக் கோணத்தை எடுத்தாலும் மாறாது. பிறகு தீற்றா இருக்கும் மூலையில் நீங்களே நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். உங்களைத் தொடாமல் முன்னால் நிற்பது எதிர்ப்பக்கம். உங்களைத் தொட்டுக்கொண்டிருக்கும் இரண்டில் செம்பக்கம் போக மிஞ்சுவது அயற்பக்கம்.

மற்றக் கூர்ங்கோணத்து மூலைக்கு எழும்பிப் போய் நின்றால் எதிரும் அயலும் இடம் மாறும். அதனால்தான் தீற்றாவைப் படத்தில் குறிக்காமல் கணக்குத் தொடங்கக்கூடாது என்று நான் விடாமல் சொல்லுகிறேன். சைன் என்பது எதிர்/செம், கொஸ் என்பது அயல்/செம், டான் என்பது எதிர்/அயல்.

4. ஒரு கணக்கை முதல்ல இருந்து கடைசிவரை செய்து காட்டுங்கோ.

கொஸ் தீற்றா = 8/17 என்று தந்திருக்கிறது. ஒரு செங்கோண முக்கோணி கீறுங்கள், கையாலே போதும். தீற்றாவைக் குறித்து, அயற்பக்கத்தில் 8, செம்பக்கத்தில் 17 என்று எழுதுங்கள். எதிர்ப்பக்கம் வெறுமையாக இருக்கிறது. பைதகரசின் தேற்றப்படி அதன் வர்க்கம் 17² − 8² = 289 − 64 = 225. ஆகவே எதிர்ப்பக்கம் 15.

மூன்று பக்கமும் வந்தபின் வாசிக்கவேண்டியதுதான் வேலை. சைன் தீற்றா 15/17, டான் தீற்றா 15/8. சரியா என்று பார்க்கச் சைனைக் கொஸ்ஸால் வகுங்கள்: 15/17 ÷ 8/17 = 15/8. டானும் அதுதான்.

5. பைதகரசில எப்ப கூட்டுறது, எப்ப கழிக்கிறது?

செம்பக்கம் தெரிந்தால் கழிக்கவேண்டும், செம்பக்கம் தெரியாவிட்டால் கூட்டவேண்டும். சைனோ கொஸ்ஸோ தரப்பட்டால் பகுதியில் இருப்பது செம்பக்கம், ஆகவே கழித்தல். டான் தரப்பட்டால் இருப்பவை இரண்டும் செங்கோணத்தை அமைக்கும் பக்கங்கள், ஆகவே கூட்டல்.

போன மாதம் ஒரு பிள்ளையின் கொப்பியில் சைன் 3/5க்கு அயற்பக்கம் √34 என்று இருந்தது. 9உம் 25உம் கூட்டியிருக்கிறா. "√34 எவ்வளவு வரும்?" என்று கேட்டேன். "5.8 போல" என்றா. "செம்பக்கம்?" என்றேன். பென்சிலை வைத்துவிட்டுப் படத்தையே பார்த்தா. பிறகு ஒன்றும் சொல்லாமல் அழித்து 4 என்று எழுதினா. செம்பக்கத்தைவிட நீளமான பக்கம் வந்தால் பிழை என்பது படத்தைப் பார்த்தாலே தெரியும். விதியைப் பாடமாக்குவதைவிட இந்தப் பார்வை பழகினால் நல்லது.

6. வர்க்கமூலம் முழு எண்ணா வரேல்லை. எங்கயோ பிழை விட்டிட்டனோ?

பிழை இல்லை. பாடப் பயிற்சியில் 3, 4, 5 அல்லது 5, 12, 13 அல்லது 8, 15, 17 அல்லது 7, 24, 25 என்று அழகாக வரும் எண்களையே அடிக்கடி கொடுப்பதால் எல்லாம் அப்படித்தான் வரும் என்ற எண்ணம் பிள்ளைகளுக்கு உண்டாகிவிடுகிறது. சைன் தீற்றா 2/3 என்றால் அயற்பக்கத்தின் வர்க்கம் 9 − 4 = 5, அயற்பக்கம் √5. கொஸ் √5/3, டான் 2/√5.

√5ஐ 2.24 என்று மாற்றவேண்டாம், மூலக் குறியோடே விடுங்கள். பகுதியில் மூலம் இருப்பது பிடிக்காவிட்டால் மேலும் கீழும் √5ஆல் பெருக்கி 2√5/5 என்று எழுதலாம். 2/√5உம் அதுவும் ஒரே பெறுமானம்தான்.

7. தசமத்தில தந்தால்? "3 டான் தீற்றா = 4" எண்டு தந்தால்?

இரண்டையும் முதலில் பின்னமாக்குங்கள். சைன் 0.6 என்றால் 6/10, அதாவது 3/5. டான் 2.4 என்றால் 24/10, அதாவது 12/5. டான் 2 என்று முழு எண் வந்தால் 2/1 என்று எழுதினால் எதிர்ப்பக்கம் 2, அயற்பக்கம் 1. 3 டான் தீற்றா = 4 என்றால் டான் தீற்றா 4/3. அதை 3/4 என்று அவசரத்தில் எழுதுவார்கள், கவனம். அதன்பின் 4ஆம் கேள்வியில் காட்டிய வழிதான்.

8. சைன் தீற்றா எண்டால் சைன் தர தீற்றாவோ? சைனை மற்றப் பக்கம் கொண்டுபோகலாமோ?

பெருக்கல் இல்லை, கொண்டுபோக முடியாது. தீற்றா என்ற கோணத்துக்குரிய சைன் என்பதே அதன் கருத்து. கோணம் இல்லாமல் சைன் என்று தனியே ஒரு எண் கிடையாது.

9. சைன் எண்டால் என்ன கருத்து? ஏன் அந்தப் பெயர்?

இதைக் கேட்கும் பிள்ளையை எனக்கு நல்ல விருப்பம். 499ஆம் ஆண்டளவில் ஆரியபட்டர் வட்டத்தில் அரைநாணின் நீளத்தை வைத்துக் கணக்குப் போட்டார். வில்லின் நாணுக்குச் சமஸ்கிருதத்தில் ஜ்யா என்று பெயர். அரபியர் அதை ஜிபா என்று எழுதிக்கொண்டார்கள். அரபியில் உயிர்க்குறி இடாமல் எழுதுவது வழக்கம். இலத்தீனுக்கு மாற்றியவர்கள் அந்த எழுத்துகளை ஜைப் என்று வாசித்துவிட்டார்கள். ஜைப் என்றால் உடுப்பின் மடிப்பு. அதற்குரிய இலத்தீன் சொல் சைனஸ். அதிலிருந்து வந்ததுதான் சைன்.

கொஸ்ஸின் முழுப்பெயர் கோசைன். அதில் உள்ள 'கோ' நிரப்புகோணத்தைக் குறிக்கும். கொஸ் தீற்றா என்பது 90° − தீற்றாவின் சைன். 3ஆம் கேள்வியில் மற்ற மூலைக்குப் போனால் எதிரும் அயலும் மாறும் என்று சொன்னேனே, அதே விஷயம்தான் பெயருக்குள்ளும் இருக்கிறது.

10. சைனும் கொஸ்ஸும் கூட்டினால் 1 தானே? அப்ப சைன் 3/5 எண்டால் கொஸ் 2/5 தானே?

இல்லை. வர்க்கங்களைக் கூட்டினால்தான் 1. சைன்² + கொஸ்² = 1. சைன் 3/5 என்றால் 9/25 + கொஸ்² = 1, கொஸ்² = 16/25, கொஸ் 4/5.

வர்க்கம் இல்லாமல் கூட்டினால் எப்போதும் 1ஐவிடக் கூட வரும். இதற்கு எண் தேவையில்லை. எதிர்ப்பக்கத்தையும் அயற்பக்கத்தையும் கூட்டி அது செம்பக்கத்துக்குச் சமன் என்றால், வளவின் இரண்டு கரையாலும் சுற்றி நடப்பதும் குறுக்கால் நடப்பதும் ஒரே தூரம் என்று ஆகிவிடும். குறுக்கு வழி கிட்ட என்பது ஆட்டுக்கும் தெரியும்.

11. அப்ப சைன்² + கொஸ்² = 1 ஐப் போட்டே செய்யலாமே. முக்கோணி என்னத்துக்குக் கீறுவான்?

செய்யலாம், இரண்டும் ஒன்றுதான். எதிர்² + அயல்² = செம்² என்பதைச் செம்²ஆல் வகுத்தால் வருவதுதான் அந்தச் சமன்பாடு. சைன் தந்து கொஸ் மட்டும் கேட்டால் சமன்பாடு சுருக்கம்.

டான் தந்தால் நான் முக்கோணிதான் கீறுவேன். டான் 5/12 என்றால் செம்பக்கம் √(25 + 144) = 13, சைன் 5/13, கொஸ் 12/13, அரை நிமிட வேலை. சமன்பாட்டு வழியில் போனால் 1 + டான்² = செக்² (செக் என்பது கொஸ்ஸின் தலைகீழ்) என்பதைக் கொண்டுவந்து, தலைகீழாக்கி, பிறகு பெருக்கவேண்டும். விடை அதேதான், பிழை விட இடம் கூட. எந்த வழியானாலும் பக்கத்தில் ஒரு சின்னப் படம் இருந்தால் 5ஆம் கேள்வியில் சொன்ன மாதிரி விடையைச் சோதிக்கலாம்.

12. டான் 15/8 வரலாம் எண்டுறியள், சைன் 15/8 வந்தால் பிழை எண்டுறியள். ஏன்?

சைனிலும் கொஸ்ஸிலும் கீழே இருப்பது செம்பக்கம். மேலே எது வந்தாலும் அதைவிடச் சின்னது. ஆகவே இரண்டும் 1ஐவிடக் குறைவாகத்தான் வரும். டானில் செம்பக்கமே இல்லை. எதிரும் அயலும் எது பெரிதாகவும் இருக்கலாம். தீற்றா 45° என்றால் இரண்டும் சமன், டான் 1. அதற்கு மேலே போனால் டான் 1ஐத் தாண்டும், 90°ஐ நெருங்க நெருங்க எல்லையில்லாமல் கூடும். யாராவது சைன் தீற்றா = 5/3 என்று கேள்வி எழுதியிருந்தால் அப்படி ஒரு முக்கோணியே இல்லை.

13. கோசெக், செக், கொற் எல்லாம் ஓ.எல்லுக்கு இல்லையே. ஏன் படிப்பான்?

சாதாரண தரத்துக்குச் சைன், கொஸ், டான் போதும். உயர்தரத்தில் இணைந்த கணிதம் எடுக்க நினைப்பவர்களுக்கு ஆறும் தேவை, இப்போதே ஐந்து நிமிடத்தில் பழகிவிடலாம். புதிதாகக் கணக்கு ஒன்றும் இல்லை, பின்னத்தைத் தலைகீழாக்கவேண்டியதுதான். 4ஆம் கேள்வியின் முக்கோணியில் கோசெக் 17/15, செக் 17/8, கொற் 8/15.

ஒரே ஒரு இடத்தில் எல்லாரும் இடறுவார்கள். கோசெக் என்பது கொஸ்ஸின் தலைகீழ் என்று பெயரைப் பார்த்து நினைப்பார்கள். அது சைனின் தலைகீழ். கொஸ்ஸின் தலைகீழ் செக். ஒவ்வொரு சோடியிலும் ஒன்றில்தான் 'கோ' இருக்கும் என்று நினைவு வைத்திருங்கள்: சைன்–கோசெக், கோசைன்–செக், டான்–கோடான் (கொற்).

14. யூரியூப்பில இந்தியாக்காரர் வேற சொல்லுகள் சொல்லுகினம். அது வேற பாடமோ?

பாடம் ஒன்று, சொற்கள் வேறு. நாங்கள் செம்பக்கம் என்பதை அவர்கள் கர்ணம் என்கிறார்கள். எங்கள் அயற்பக்கம் அவர்களுக்கு அடுத்துள்ள பக்கம். முக்கோணி அங்கே முக்கோணம், கூர்ங்கோணம் அங்கே குறுங்கோணம், திரிகோணகணிதம் அங்கே முக்கோணவியல். எதிர்ப்பக்கம் இரண்டு இடத்திலும் எதிர்ப்பக்கம்தான்.

தமிழ்நாட்டில் ஒன்பதாம் வகுப்பிலேயே ஆறு விகிதங்களையும் படிப்பிக்கிறார்கள். அதனால் அந்த வீடியோக்களில் கோசெக்கும் செக்கும் வரும், பயப்படவேண்டாம். நல்ல வீடியோ என்றால் பாருங்கள். விடைத்தாளில் மட்டும் எங்கள் புத்தகச் சொல்லை எழுதுங்கள்.

15. அட்டவணையில கோணத்தைக் கண்டுபிடிச்சு, பிறகு அந்தக் கோணத்துக்குக் கொஸ் பாத்தால் கெதியா முடியுமே?

முடியும், ஆனால் கிடைப்பது கிட்டத்தட்டப் பெறுமானம். சைன் 0.6க்கு அட்டவணை 36° 52′ என்று தரும், அதன் கொஸ் 0.8000. இங்கே அதிர்ஷ்டம், 4/5 என்று கண்டுகொள்ளலாம். 6ஆம் கேள்வியில் வந்த சைன் 2/3ஐ எடுங்கள். கோணம் 41° 49′, கொஸ் 0.745 சொச்சம். அதைப் பார்த்து √5/3 என்று யாரால் சொல்ல முடியும்? "கோணத்தைக் காணாமல்" என்று கேள்வியில் எழுதியிருந்தால் இந்த வழிக்குப் புள்ளியே இல்லை.

அட்டவணை எப்போது வேண்டும் என்றால், கோணமே விடையாக இருக்கும்போது. ஏற்றக்கோணம், இறக்கக்கோணம் காணும் கணக்குகள் அப்படிப்பட்டவை. எங்கள் பனைக் கணக்கில் அந்த நேரத்துச் சூரியனின் ஏற்றக்கோணம் எவ்வளவு என்று கேட்டால் டான் 0.75ஐத் தேடி 36° 52′ என்று எழுதலாம்.

16. அப்பா மேசன். அத்திவாரம் வெட்ட முதல் 6 அடி, 8 அடி, 10 அடி எண்டு அளப்பார். அதுவும் இதுவும் ஒண்டோ?

ஒன்றேதான், திசை மட்டும் வேறு. மூலையில் கட்டை அடித்து இரண்டு பக்கமும் நூல் கட்டுவார். ஒரு நூலில் 6 அடியில் ஒரு அடையாளம், மற்றதில் 8 அடியில் ஒரு அடையாளம். இரண்டு அடையாளத்துக்கும் இடையில் நாடா பிடித்தால் சரியாக 10 அடி வரவேண்டும். 10 அடி 1 அங்குலம் வந்தால் மூலை விரிந்துவிட்டது, நூலை உள்ளே தள்ளவேண்டும். 10 அடிக்குக் குறைந்தால் மூலை ஒடுங்கிவிட்டது. உங்களுக்குச் செங்கோணம் தந்திருக்கிறது, மூன்றாம் பக்கம் தேடுகிறீர்கள். அப்பா மூன்று பக்கத்தையும் வைத்துக்கொண்டு செங்கோணத்தைத் தேடுகிறார். அது பைதகரசு தேற்றத்தின் மறுதலை.

அடுத்த முறை அப்பாவோடு போனால் 8 அடி நூலின் நுனியில் நின்று பாருங்கள். உங்களுக்கு எதிரே 6 அடி நூல், நாடா 10 அடி. நீங்கள் நிற்கும் கோணத்தின் சைன் 6/10, அதாவது 3/5. இந்தக் கேள்விகளில் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கும் அதே கோணம்தான்.

17. வர்க்கமூலம் எடுத்தால் நேரும் மறையும் ரெண்டும் வருமே. மறையை ஏன் விடுறம்?

கேள்வியில் "கூர்ங்கோணம்" என்று ஒரு சொல் இருப்பதால். கூர்ங்கோணத்தின் எல்லா விகிதமும் நேர் எண்கள். பக்க நீளங்களை வகுத்து எப்படி மறை எண் வரும்? ஆகவே கொஸ்² = 16/25 என்று வந்ததும், "தீற்றா கூர்ங்கோணம் ஆதலால் கொஸ் = 4/5" என்று ஒரு வரி எழுதுங்கள். அந்த வரியைப் பலர் எழுதுவதில்லை. எழுதிய பிள்ளைக்கு விஷயம் விளங்கியிருக்கிறது என்று திருத்துபவருக்குத் தெரியும்.

உயர்தரத்தில் விரிகோணமும் வரும். சைன் 3/5 உள்ள கோணம் 36° 52′ ஆகவும் இருக்கலாம், 143° 8′ ஆகவும் இருக்கலாம். இரண்டாவதற்குக் கொஸ் −4/5. அங்கே கோணம் எந்தக் கால்வட்டத்தில் இருக்கிறது என்று தெரியாமல் குறியைத் தீர்மானிக்க முடியாது.

18. டான் தீற்றா 3/4 தந்து, (4 சைன் − கொஸ்) கீழ (2 சைன் + கொஸ்) இன்ர பெறுமானம் காண் எண்டு கேட்டால்?

நேர்வழி எல்லாருக்கும் தெரியும். சைன் 3/5, கொஸ் 4/5 என்று கண்டு பிரதியிட்டால் மேலே 8/5, கீழே 10/5, விடை 4/5. குறையொன்றும் இல்லை.

இதைவிட அழகான வழி ஒன்று உண்டு. மேலும் கீழும் உள்ள ஒவ்வொரு உறுப்பையும் கொஸ்ஸால் வகுங்கள். சைன்/கொஸ் டான் ஆகிவிடும், கொஸ்/கொஸ் 1. கோவை (4 டான் − 1)/(2 டான் + 1) ஆகிறது. 4 × 3/4 − 1 = 2, 2 × 3/4 + 1 = 5/2, விடை 4/5. செம்பக்கம் காணவே தேவைப்படவில்லை. டான் 2/3 மாதிரி √13 வரும் இடங்களில் இதன் அருமை தெரியும். ஆனால் ஒவ்வொரு உறுப்பிலும் சைனோ கொஸ்ஸோ ஒரே படியில் இருந்தால்தான் இது சரிவரும். தனியே ஒரு எண் கூட்டியிருந்தால் முதல் வழிக்குத் திரும்புங்கள்.

19. எண்ணுக்குப் பதிலா எழுத்துத் தந்தால் கை ஓடுதில்லை. சைன் தீற்றா = (ம² − 1)/(ம² + 1) எண்டால்?

எழுத்தைக் கண்டு பயப்படவேண்டாம். படம் அதே படம். எதிர்ப்பக்கத்தில் ம² − 1, செம்பக்கத்தில் ம² + 1 என்று எழுதுங்கள். அயற்பக்கத்தின் வர்க்கம் (ம² + 1)² − (ம² − 1)². இதை விரிக்காமல் இரண்டு வர்க்கங்களின் வித்தியாசமாகப் பாருங்கள்: கூட்டுத்தொகை 2ம², வித்தியாசம் 2, பெருக்கினால் 4ம². அயற்பக்கம் 2ம. கொஸ் 2ம/(ம² + 1), டான் (ம² − 1)/2ம. இங்கே ம 1ஐவிடப் பெரிது என்று எடுத்திருக்கிறோம், இல்லாவிட்டால் எதிர்ப்பக்கம் நேராக வராது.

இப்போது ம = 2 என்று போடுங்கள்: 3, 4, 5. ம = 4 என்றால் 15, 8, 17. ம = 5 என்றால் 24, 10, 26, அதாவது 12, 5, 13. பயிற்சிக்கு அழகான எண்கள் எங்கிருந்து வருகின்றன என்று இனி உங்களுக்கும் தெரியும். உங்கள் தம்பி தங்கைக்கு நீங்களே கணக்குச் செய்து கொடுக்கலாம்.

20. சைன் + கொஸ் = 7/5 எண்டு கூட்டுத்தொகை மட்டும் தந்தால் தனித்தனியாக் காணலாமோ?

காணலாம், ஆனால் விடை இரண்டு. முதலில் வர்க்கியுங்கள்: சைன்² + கொஸ்² + 2 சைன் கொஸ் = 49/25. முதல் இரண்டும் சேர்ந்து 1. ஆகவே 2 சைன் கொஸ் = 24/25. இனி வித்தியாசத்தின் வர்க்கம் 1 − 24/25 = 1/25, வித்தியாசம் 1/5 அல்லது −1/5. கூட்டுத்தொகை 7/5, வித்தியாசம் 1/5 என்றால் சைன் 4/5, கொஸ் 3/5. வித்தியாசம் −1/5 என்றால் சைன் 3/5, கொஸ் 4/5.

17ஆம் கேள்வியில் மறையை விட்டோமே, இங்கேயும் விடலாமா என்று கேட்பார்கள். விடக்கூடாது. சைனும் கொஸ்ஸும் நேராக இருக்கவேண்டும், அவற்றின் வித்தியாசம் எதுவாகவும் இருக்கலாம். முதல் கேள்வியில் ஒரு விகிதம் வடிவத்தை முடிவாக்கும் என்றேன். இந்தக் கூட்டுத்தொகையும் வடிவத்தை முடிவாக்குகிறது, இரண்டும் 3, 4, 5 முக்கோணிதான். அந்த முக்கோணியின் எந்த மூலையில் நிற்கிறோம் என்பதைத்தான் அது சொல்லவில்லை, ஏனென்றால் மூலை மாறினாலும் கூட்டுத்தொகை மாறாது.

21. வட்ஸ்அப்பில ஒரு பழைய பாட்டு வருது. வர்க்கமூலம் இல்லாமலே செம்பக்கம் காணலாமாம். அதைப் போட்டுச் செய்யலாமோ?

அந்தப் பாட்டின் முறை இது: கிடை நீளத்தை எட்டாக்கி ஒரு பங்கைத் தள்ளு, மிச்சத்தோடு உயரத்தில் பாதியைச் சேர். நீளம் 4, உயரம் 3 என்றால் 4 − 0.5 + 1.5 = 5. சரி. நீளம் 12, உயரம் 5 என்றால் 12 − 1.5 + 2.5 = 13. அதுவும் சரி. இந்த இரண்டையும் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் எல்லாரும் அனுப்புகிறார்கள். நீளம் 15, உயரம் 8 என்று போடுங்கள். 17.125 வரும், உண்மை 17. நீளம் 3, உயரம் 4 என்று மாற்றிப் போட்டால் 4.625.

எப்போது சரிவரும் என்று அட்சரகணிதம் சொல்லிவிடும். நீளம் 1, உயரம் ட என்று எடுத்தால் (7/8 + ட/2)² = 1 + ட² ஆகவேண்டும். சுருக்கினால் 48ட² − 56ட + 15 = 0. தீர்வு 3/4உம் 5/12உம் மட்டும். இந்த 'ட' வேறொன்றும் இல்லை, உயரம்/நீளம், அதாவது டான் தீற்றா. இந்த இரண்டு டானுக்கு மட்டும் பாட்டு மிகச்சரி. இவற்றுக்குக் கிட்டக் கிட்ட இருக்கும் சரிவுகளுக்குக் கூரை மரம் மதிப்பிட உதவும்.

சரிவு மிகக் குறைந்தால் என்ன நடக்கும் என்று பாருங்கள். நீளம் 16, உயரம் 1. பாட்டின்படி செம்பக்கம் 14 + 0.5 = 14.5, அயற்பக்கத்தைவிடச் சின்னது! அதை வைத்துக் கொஸ் எழுதினால் 16/14.5, 1ஐவிடப் பெரிது. 12ஆம் கேள்வியில் சொன்னபடி அப்படி ஒரு முக்கோணி இல்லை.